பெவ்ஜெட்ஸ்: சொல்வதற்கு இரண்டே பேர் மிஞ்சிய முகாம்

#1 ஏட்டுச்சுவடி

ஆஷ்விட்ஸ் பற்றி இங்கே பல முறை பேசியாகிவிட்டது. வேறொரு முகாமைப் பற்றி எழுத வேண்டும் என்று ஒரு மாதமாக மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. கிழக்குப் போலந்தில், லூப்ளினிலிருந்து லுவோவுக்கு (இன்று உக்ரைனில் இருக்கும் லிவிவ்) போகும் ரயில் பாதையோரம் இருக்கும் சின்ன ஊர், பெவ்ஜெட்ஸ். போலந்தைப் பிடித்த நாஜிகள் யூதர்களைக் கொல்வதற்கென்றே அங்கே ஒரு முகாம் வைத்தார்கள். ஆங்கில எழுத்தைப் பார்த்து பெல்செக் என்று எழுதுவாரும் உண்டு. அந்த ஊர்க்காரர்கள் சொல்கிற மாதிரியே நான் எழுதுகிறேன்.

1942 மார்ச் 17-இல் அங்கே கொலை தொடங்கியது. டிசம்பரில் ரயில்கள் நின்றன. அந்த ஒன்பது மாதத்தில் ஏறக்குறைய நாலரை லட்சம் யூதர்களைக் கொன்றார்கள். ஆஷ்விட்ஸில் வேலைமுகாமும் இருந்தது. அதனால் கையில் எண் குத்தப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில் பிழைத்து வந்து சொன்னார்கள். பெவ்ஜெட்ஸில் அதற்கு வழியே இல்லை. ரயிலை விட்டு இறங்கியவர்களில் பெரும்பாலோர் சில மணி நேரத்தில் விஷவாயு அறைக்குள் இருந்தார்கள். பிணங்களை இழுத்துப் புதைக்க, துணிமணிகளைப் பிரிக்க என்று சில நூறு பேரை மட்டும் வைத்துக்கொண்டார்கள், அவர்களையும் மாற்றி மாற்றிக் கொன்றார்கள். அப்புறம் குழிகளைத் திரும்பத் தோண்டி உடல்களை எரித்தார்கள். 1943-இல் அந்த இடத்தை உழுது, மரம் நட்டு, ஒரு பண்ணை வீடும் கட்டிவிட்டுப் போனார்கள்.

போர் முடிந்த பிறகு, உள்ளே இருந்து பார்த்தவர் என்று வந்து வாக்குமூலம் கொடுத்தவர்கள் இரண்டு பேர்.

ஒருவர் ருடால்ஃப் ரேடர். லுவோவ் நகரத்தில் சோப்பு தயாரித்தவர். 1942 ஆகஸ்டில் ரயிலேற்றப்பட்டபோது வயது 61. வேலைக்கு ஆகும் என்று பொறுக்கியெடுத்த ஒரு சிலரில் ஒருவராக நிறுத்தப்பட்டதால் அன்று சாகவில்லை. நவம்பர் கடைசியில், தகரம் ஏற்றிவர அவரை லுவோவுக்கே லாரியில் கூட்டிப் போனார்கள். சரக்கை ஏற்றி முடித்ததும் மற்ற காவலர்கள் ஊர் சுற்றப் போக, ஒருவன் மட்டும் அவரோடு இருந்தான். அவன் தூங்கிவிட்டான். ரேடர் தகரத்தைச் சரிசெய்கிற மாதிரி இறங்கி, அப்படியே இருட்டில் நடந்து போய்விட்டார். முன்பு அவர் வீட்டில் வேலை பார்த்த பெண்மணி அவரை ஒளித்துவைத்துக் காப்பாற்றினார். 1946-இல் கிராக்கோவில் யூத வரலாற்று ஆணையம் அவர் சொன்னதைச் சிறு நூலாக அச்சிட்டது.

இன்னொருவர் ஹாயிம் ஹிர்ஷ்மன். பெவ்ஜெட்ஸில் மிஞ்சியிருந்த கடைசித் தொழிலாளர்களை 1943-இல் சொபிபோர் முகாமுக்குக் கொல்லக் கொண்டுபோன ரயிலில் இருந்து குதித்துத் தப்பியவர். 1946 மார்ச் 19 அன்று லூப்ளினில் ஆணையத்தின் முன் உட்கார்ந்து சொல்லத் தொடங்கினார். பொழுது சாய்ந்தது. மீதியை மறுநாள் சொல்வதாக வீட்டுக்குப் போனார். அன்று மாலையே அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள், போருக்குப் பிந்தைய போலந்தில் திரிந்த ஓர் ஆயுதக் குழு.

அதாவது, நாலரை லட்சம் பேர் செத்த இடத்துக்கு முழுதாக ஒரு சாட்சியம், பாதியில் நின்றுபோன ஒரு சாட்சியம். இதைப் படித்த நாளிலிருந்து ஒரே கேள்விதான். இப்படிப்பட்ட சாட்சியத்தை நாம் எப்படிக் கேட்க வேண்டும்? உங்களிடம் பேச வேண்டும் போல் இருந்தது, அதனால்தான் இந்த இழை.

#2 மழைக்காலவாசகி

நேற்று இரவு படித்தேன். பதில் எழுத வரவில்லை. ஹிர்ஷ்மன் "மீதி நாளைக்கு" என்று எழுந்து போனாரே, அந்த இடத்திலேயே மனது நின்றுவிட்டது. எழுதிக்கொண்டிருந்தவர் அன்றைக்குப் பேனாவை மூடி வைத்திருப்பார் இல்லையா? மறுநாள் காலையில் அந்த ஆளுக்கு என்ன சொல்லியிருப்பார்கள்?

#3 அளவுகோல்

நல்ல இழை, நன்றி. ஆனால் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், நடந்ததையே மறுக்கிற கூட்டத்தோடு எனக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. அந்தக் கூட்டத்திடம் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதால்தான் கேட்கிறேன்.

சாட்சியங்களில் பிழை இருக்கிறது. பெவ்ஜெட்ஸையே எடுத்துக்கொள்வோம். போலந்துத் தலைமறைவு இயக்கத்தின் தூதர் யான் கார்ஸ்கி, 1942-இல் காவலன் உடையில் ஒரு முகாமுக்குள் போய்ப் பார்த்துவிட்டு, அது பெவ்ஜெட்ஸ் என்றே லண்டனிலும் வாஷிங்டனிலும் சொன்னார். அவர் பார்த்தது இஜ்பிட்சா என்ற ஊரில் இருந்த இடைத்தங்கல் இடம் என்று வரலாற்றாசிரியர்கள் பிற்பாடு முடிவுக்கு வந்தார்கள். அடுத்து, 1942 ஆகஸ்டில் பெவ்ஜெட்ஸுக்கு நேரில் போன, நாஜிகளின் எஸ்.எஸ். படையைச் சேர்ந்த அதிகாரி குர்ட் கெர்ஸ்டைன். அவருடைய அறிக்கையில் எண்ணிக்கைகள் நம்பவே முடியாத அளவுக்கு ஊதிப் பெருத்திருக்கின்றன. விஷவாயுவுக்குப் பயன்பட்டது டீசல் எஞ்சின் என்கிறார் கெர்ஸ்டைன், பெட்ரோல் எஞ்சின் என்கிறார் ரேடர்.

மறுப்பாளர்கள் இதைத்தான் பிடித்துத் தொங்குகிறார்கள். ஆகவே நினைவைப் பின்னால் வைத்து, ஆவணத்தை முன்னால் வைப்பதுதான் செத்தவர்களுக்கும் பாதுகாப்பு என்பது என் எண்ணம். பிழைத்து வந்தவர் சொல்வதைக் கேட்டு அழுகிறோம், சரி. வரலாறு எழுத அது போதுமா?

#4 ஏட்டுச்சுவடி

அளவுகோல் நண்பரே, கேட்க வேண்டிய கேள்விதான். எனக்குத் தெரிந்த வரை பதில் சொல்கிறேன்.

ஆவணத்தில் இருந்தே வருகிறேன். பெவ்ஜெட்ஸுக்கு ஆவணம் இருக்கிறது. ஹெர்மன் ஹோஃப்லே என்ற எஸ்.எஸ். அதிகாரி 1943 ஜனவரி 11 அன்று அனுப்பிய வானொலித் தந்தி. 1942 முடிய ஒவ்வொரு முகாமுக்கும் 'வந்து சேர்ந்தவர்' எத்தனை என்ற கணக்கு அது. முகாமின் பெயர்கூட அதில் இல்லை, முதலெழுத்து மட்டும்தான். பெவ்ஜெட்ஸின் எழுத்துக்கு நேரே 434508 என்று இருக்கிறது. பிரிட்டிஷ்காரர்கள் அன்றே இதை இடைமறித்துச் சங்கேதத்தை உடைத்துவிட்டார்கள். என்ன கணக்கு என்று அவர்களுக்குப் புரியவில்லை. கோப்பில் போட்டார்கள். ஆவணக் காப்பகத்தில் அதை ஒருவர் கண்டெடுத்து அர்த்தம் புரிந்துகொண்டது 2000-ஆம் ஆண்டில்.

இந்தத் தந்தியை இவ்வளவு நாள் கழித்தும் வாசிக்க முடிந்தது எதனால்? அந்த முதலெழுத்து ஒரு கொலைமுகாம், அந்த எண் மனிதர்கள் என்று நமக்கு முன்பே தெரிந்திருந்ததால். ரேடர்கள் சொல்லியிருந்ததால். 1943-இல் அதைப் படித்த சங்கேத நிபுணர்களுக்கு ரேடர் இல்லை. தந்தி கையிலேயே இருந்தும் அவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

எஞ்சின் விஷயம். கெர்ஸ்டைன் விருந்தாளி மாதிரி வந்து பார்த்துவிட்டுப் போனவர். ரேடர் அந்த இடத்தில் மூன்று மாதத்துக்கு மேல் வேலை செய்தவர். அங்கே எஞ்சினுக்குப் பெட்ரோல் செலவானதைப் பார்த்தவர். இன்றைய ஆய்வாளர்கள் பெட்ரோல் எஞ்சின் என்பதையே ஏற்கிறார்கள். படித்த அதிகாரி தவறாகச் சொன்னதை சோப்பு வியாபாரி சரியாகச் சொல்லியிருக்கிறார். கெர்ஸ்டைனையும் ஒதுக்கிவிட முடியாது. அன்றைக்கு எஞ்சின் கிளம்பாமல் அடம்பிடித்தது, உள்ளே அடைபட்ட ஜனங்கள் நின்றபடி காத்திருந்தார்கள், 2 மணி 49 நிமிடம் என்று கடிகாரத்தில் பார்த்துக் குறித்தவர் அவர்தான். எண்ணிக்கையில் தடுமாறியவர் கடிகாரத்தைப் பார்த்தபோது தடுமாறவில்லை.

கார்ஸ்கி பற்றி நீங்கள் சொன்னது சரி, ஊர் தவறு. ஆனால் இஜ்பிட்சாவில் அவர் பார்த்த ஜனங்கள் பெவ்ஜெட்ஸ் போன்ற முகாம்களுக்குப் போகும் வழியில் நிறுத்தப்பட்டிருந்தவர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், எழுதலாமா என்று யோசித்தேன். கதவு சாத்திய பிறகு உள்ளே இருந்து கேட்டதை ரேடர் சொல்லியிருக்கிறார். ஒரு குழந்தை, தான் ஒரு சேட்டையும் செய்யவில்லையே என்று அம்மாவிடம் சொல்லி அழுதிருக்கிறது. இருட்டாக இருக்கிறது என்று கத்தியிருக்கிறது. 434508 என்ற எண் கொன்றவர்களின் கணக்கில் இருந்து நமக்கு வந்தது. அந்தக் குழந்தை ரேடர் ஒருவர் வழியாகத்தான் வந்தது. அன்று லாரியில் அந்தக் காவலன் தூங்காமல் இருந்திருந்தால் அதுவும் இல்லை.

#5 ரைன்கரை

வணக்கம் உறவுகளே. நான் ஜேர்மனியில் முப்பது வருடமாக இருக்கிறேன், வாசிக்கிறது மட்டும்தான், எழுதுவது குறைவு. இதுக்கு எழுத வேண்டும் போல் கிடக்கிறது.

சாட்சிகள் இல்லாமல் போனால் நீதிமன்றத்தில் என்ன நடக்கும் என்று அளவுகோல் அறிய வேண்டும். 1963-இல் முனிச் நகரத்தில் பெவ்ஜெட்ஸ் வழக்கு எடுத்தார்கள். எட்டுப் பேர், எல்லோரும் அந்த முகாமில் வேலை செய்த எஸ்.எஸ். ஆட்கள். "மேலிடத்துக் கட்டளை, மறுத்திருந்தால் எங்களையே கொன்றிருப்பார்கள்" என்று சொன்னார்கள். "இல்லை, நீ விருப்பத்தோடுதான் அடித்தாய், நான் கண்ணால் கண்டேன்" என்று எழும்பிச் சொல்ல ஆள் வேண்டும் அல்லவா? அந்தப் பக்கம் இருந்தது ரேடரின் வாக்குமூலம் ஒன்றுதான். ஏழு பேரை விசாரணைக்கு முன்பே விட்டுவிட்டார்கள். யோசஃப் ஓபர்ஹவுசர் என்ற ஒருவனுக்கு மட்டும் 1965-இல் தண்டனை. எவ்வளவு தெரியுமா? நாலரை வருடம்.

மேற்கு ஜேர்மனியில் பெவ்ஜெட்ஸுக்குத் தண்டனை பெற்றவன் அவன் ஒருவன் என்று நினைக்க எனக்கு நித்திரை வரவில்லை.

இனி இதைப் பாருங்கள். முனிச்சில் விடுபட்ட ஏழு பேரில் எரிச் ஃபூக்ஸ் ஒருவன். அதே ஆள் சொபிபோரிலும் வேலை செய்தவன். சொபிபோரில் 1943 அக்டோபர் 14 அன்று கைதிகள் கிளர்ச்சி செய்து வேலியை உடைத்து ஓடினார்கள், ஏறக்குறைய ஐம்பது பேர் போர் முடியும் வரை உயிரோடு இருந்தார்கள். ஹாகன் நகரத்தில் சொபிபோர் வழக்கு நடந்தபோது அவர்கள் வந்து சாட்சி சொன்னார்கள். 1966-இல் ஃபூக்ஸுக்கு நாலு வருடம் கிடைத்தது. அதுவும் போதாதுதான். ஆனால் ஒரு முகாமுக்காக விடுபட்டவன் மற்ற முகாமுக்காக உள்ளே போனான். ஐம்பது பேர் ஓடித் தப்பியதன் பலன் அது.

#6 அளவுகோல்

ரைன்கரை அண்ணா, ஃபூக்ஸ் விஷயம் எனக்குத் தெரியாது. அது என்னை யோசிக்க வைக்கிறது.

ஆனாலும் முழுதாக விட்டுக்கொடுக்க முடியவில்லை. நீதிமன்றத்தில் சாட்சி சொல்பவரை எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணை செய்கிறது, நேரம் கேட்கிறது, சட்டையின் நிறம் கேட்கிறது. இருபது வருடம் கழித்து யாருக்குத் தேதி நினைவிருக்கும்? அப்படி ஒரு தேதி தவறினால் சாட்சியமே போயிற்று என்று தள்ளிவிடுகிறார்கள். வரலாற்றில் நாமும் அதே கண்டிப்போடு இருக்க வேண்டாமா, அல்லது வேறு அளவுகோல் வைத்துக்கொள்ளலாமா? வேறு என்றால் அது என்ன?

#7 ரைன்கரை

தம்பி, அப்படித் தள்ளிய வழக்கும் இங்கே நடந்திருக்கிறது. போலந்தில் ஸ்டராஹொவீட்சே என்று ஓர் ஊர். அங்கே யூதர்களை முகாமுக்கு அனுப்பிய நாளில் ஜேர்மன் பொலிஸுக்குப் பொறுப்பாக இருந்தவன் வால்டர் பெக்கர். 1972-இல் ஹாம்பர்க் நீதிமன்றம் அவனை விட்டுவிட்டது. வந்து சாட்சி சொன்ன யூதர்கள் எல்லோருடைய சொல்லும் நம்பத்தகுந்தது இல்லை என்று நீதிபதி ஒதுக்கினார்.

பிறகு கிறிஸ்டபர் பிரவுனிங் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் அந்தத் தீர்ப்பை வாசித்துக் கொதித்துப் போனார். ஸ்டராஹொவீட்சே பற்றி ஜேர்மன் ஆவணங்கள் மிகக் குறைவாகத்தான் மிஞ்சியிருந்தன. அவர் 292 பேரின் சாட்சியங்களைச் சேர்த்தார். 1945-இல் சொன்னது, அறுபதுகளில் சொன்னது, தொண்ணூறுகளில் வீடியோவில் சொன்னது, எல்லாவற்றையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். ஆளுக்கு ஆள் எங்கே பொருந்துகிறது, எங்கே முரண்படுகிறது, பிற்காலத்தில் பார்த்த படங்களில் இருந்து எது உள்ளே வந்தது என்று பொறுமையாகப் பிரித்துப் பிரித்து ஒரு முழு வரலாறு எழுதினார். 2010-இல் வெளிவந்தது. கண்டிப்பு வேண்டும் என்கிறீர்களே, அது அதில் இருக்கிறது. ஹாம்பர்க் நீதிபதியும் இவரும் கேட்டது ஒரே சனங்கள் சொன்னதைத்தான்.

#8 மழைக்காலவாசகி

அளவுகோலின் கேள்வி என் வேலைக்குப் பக்கத்தில் வருவதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். நான் மனநல ஆலோசகர்.

எங்கள் துறையில் அடிக்கடி பேசப்படும் ஒரு சம்பவம் இருக்கிறது. டோரி லௌப் என்ற மனநல மருத்துவர். 1937-இல் செர்னோவிட்ஸில் பிறந்தவர், சின்னப் பிள்ளையாக ட்ரான்ஸ்னிஸ்ட்ரியா முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டுப் பிழைத்தவர். அவரும் லாரல் விளாக் என்ற தொலைக்காட்சி இதழாளரும் 1979-இல் நியூஹேவன் நகரத்தில் பிழைத்தவர்களை வீடியோவில் பதிவு செய்யத் தொடங்கினார்கள். அதுதான் பிறகு யேல் பல்கலைக்கழகக் காப்பகமாக வளர்ந்தது, இன்று 4,400-க்கும் மேல் சாட்சியங்கள் அங்கே இருக்கின்றன.

அதில் ஒரு வயதான பெண்மணி ஆஷ்விட்ஸ் பற்றிப் பேசினார். தயங்கித் தயங்கி, காதில் விழாத குரலில். திடீரென்று குரல் உயர்ந்தது. 1944 அக்டோபரில் நடந்த கிளர்ச்சிக்கு வந்திருந்தார். நான்கு புகைபோக்கிகள் தீப்பிடித்து வெடித்தன, ஜனங்கள் ஓடினார்கள் என்றார். அப்புறம் பழையபடி குரல் இறங்கிவிட்டது.

அந்தப் பதிவை வரலாற்றாசிரியர்களுக்குப் போட்டுக் காட்டியபோது சிலர், இது தவறு, அழிந்தது நான்கு இல்லை, ஒன்றுதான், இவர் நினைவை நம்ப முடியாது, நம்பினால் மறுப்பாளர்களுக்கு வழிவிட்டதாகிவிடும் என்றார்கள். அளவுகோல் சொன்னதேதான். எண்ணிக்கையில் அவர்கள் சொன்னது சரி. அக்டோபர் 7 அன்று பிணங்களை எரிக்கும் வேலையில் வைக்கப்பட்டிருந்த யூதக் கைதிகள் நான்காம் எண் தகன மேடைக்குத் தீ வைத்தார்கள். வெடிமருந்தை ஆயுதத் தொழிற்சாலையில் இருந்து இம்மியிம்மியாகக் கடத்திக் கொடுத்தவர்கள் இளம்பெண்கள். ரோஸா ரொபோட்டாவும் இன்னும் மூன்று பேரும் 1945 ஜனவரி 6 அன்று தூக்கிலிடப்பட்டார்கள். செஞ்சேனை வந்து சேர்வதற்கு மூன்று வாரம்தான் இருந்தது.

லௌப் என்ன சொன்னார் என்றால், அந்தப் பெண்மணி புகைபோக்கி எண்ணிக்கைக்குச் சாட்சி சொல்ல வரவில்லை. ஆஷ்விட்ஸில் யூதர்கள் எதிர்த்து எழுவார்கள் என்று யாரும் கனவிலும் நினைக்க முடியாத ஒன்று நடந்ததை அவர் கண்டார். அது அவருக்கு எவ்வளவு பெரிதாக இருந்ததோ, அவ்வளவு பெரிதாகச் சொன்னார்.

என்னிடம் வருகிறவர்களைப் பார்த்துச் சொல்கிறேன். ஒரு கொடுமையைச் சொல்ல வாயெடுக்கும் ஆளிடம் முதல் நிமிடத்திலேயே "அன்று செவ்வாயா புதனா?" என்று கேட்டால், அதோடு முடிந்தது. அப்புறம் அவர் சொல்லவே மாட்டார். செவ்வாயா புதனா என்பதும் வேண்டும்தான். அதைப் பின்னால் கேட்கலாம், வேறு இடத்திலும் தேடலாம். பிழையைத் திருத்துவதற்கு நூறு பேர் கிடைப்பார்கள். அவர் குரல் உயர்ந்த அந்த அரை நிமிடத்தில் எதிரே உட்கார்ந்திருக்க ஒருவர் வேண்டும்.

#9 அளவுகோல்

பதிலுக்கு நன்றி அக்கா. புகைபோக்கி ஒன்றுதான் என்று எழுதுவதை நான் விட மாட்டேன். ஆனால் அந்தப் பெண்மணி சொன்னதை அதற்காக ஒதுக்கவும் மாட்டேன். எனக்கு இப்போது இவ்வளவு தெளிவு போதும்.

#10 தெற்குவாசல்

மன்னிக்கவும், எனக்கு ஒரு சங்கடம். ஐரோப்பாவில் எண்பது வருடம் முன்பு நடந்ததைப் பற்றி இவ்வளவு உருகுகிறோம். நம் இனத்திலேயே செத்தவர்கள் கணக்கு இன்னும் முடியவில்லை. காசாவில் தினமும் சாவு. இதற்கெல்லாம் இல்லாத இடம் இதற்கு மட்டும் ஏன்?

#11 ஏட்டுச்சுவடி

தெற்குவாசல், உங்கள் வருத்தம் எனக்கும் உண்டு. காசாவுக்கு இங்கேயே ஓடிக்கொண்டிருக்கும் இழை இருக்கிறது, அதில் நானும் எழுதுகிறேன். இந்த இழையில் பெவ்ஜெட்ஸில் செத்தவர்களைப் பற்றி மட்டும் பேசுவோம். 1942-இல் செத்த ஒரு குழந்தை யாருடைய அரசியலுக்கும் பொறுப்பில்லை.

#12 ரைன்கரை

தெற்குவாசலுக்கு நானும் ஒன்று சொல்கிறேன். நான் ஊரை விட்டு வந்தவன். எங்கள் ஆட்களில் எத்தனையோ பேர் சொல்லாமலே கண்ணை மூடிவிட்டார்கள், கேட்டு எழுதவும் ஆள் இருக்கவில்லை. அந்தக் கவலை எனக்கு இருக்கிறபடியால்தான் யூதர்கள் எப்படிச் செய்தார்கள் என்று தேடித் தேடி வாசிக்கிறேன். 1944 ஆகஸ்டில், போர் நடந்துகொண்டு இருக்கும்போதே, லூப்ளினில் யூத வரலாற்று ஆணையத்தைத் தொடங்கியிருக்கிறார்கள். தொடங்கியவர்களே எல்லாவற்றையும் இழந்தவர்கள். கேள்விப் பட்டியல் தயாரித்தார்கள், பிள்ளைகளிடம் கேட்கத் தனிப் பட்டியல் வைத்தார்கள். சில வருடங்களில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குமூலங்கள். இன்றைக்கும் வார்சாவில் இருக்கின்றன. ஹிர்ஷ்மன் முன்னால் உட்கார்ந்து எழுதியது அந்த ஆணையத்தின் ஆள்தான்.

#13 சாக்பீஸ்

திருநெல்வேலிப் பக்கம் ஒரு பள்ளியில் வரலாறு எடுக்கிறேன். பாடப்புத்தகத்தில் யூதப் படுகொலை சில வரிகளில் முடிந்துவிடுகிறது. அறுபது லட்சம் என்று பிள்ளைகள் அடிக்கோடிட்டு மனப்பாடம் செய்கிறார்கள், ஒரு மதிப்பெண் கேள்வி. போன வருடம் புகைப்படங்கள் காட்டினேன், பிணக் குவியல். இரண்டு பெண்கள் அழுதுவிட்டார்கள், பையன்கள் சிலர் நெளிந்து சிரித்தார்கள், நான் நிறுத்திவிட்டேன். சாட்சியத்தை வைத்துச் சொல்லித்தர முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

#14 ஏட்டுச்சுவடி

டீச்சர், அப்படிப்பட்ட படங்களில் சில கொன்றவர்களின் பக்கம் இருந்தவர்கள் எடுத்தவை. அதில் இருக்கும் மனிதர்களுக்குப் பெயர் இல்லை, உடையும் இல்லை. பையன்கள் நெளிந்ததை நான் குறையாக நினைக்கவில்லை.

என்னைக் கேட்டால் டேவிட் போடரில் இருந்து தொடங்குங்கள். சிகாகோவில் உளவியல் பேராசிரியர், லாட்வியாவில் பிறந்த யூதர். 1946 கோடையில் கம்பியில் ஒலியைப் பதிவு செய்யும் கருவியைத் தூக்கிக்கொண்டு ஐரோப்பாவுக்குப் போனார். நாடற்றவர்கள் தங்கியிருந்த விடுதிகளிலும் முகாம்களிலும் உட்கார்ந்து, நூற்றுக்கும் மேற்பட்டவர்களிடம், அவரவர் மொழியில் பேச வைத்தார். ஒன்பது மொழிகள், சுமார் தொண்ணூறு மணி நேரம். எழுத்துப்படியும் ஒலியும் இணையத்தில் இருக்கின்றன.

அதில் என்னை உலுக்குவது, சொல்பவர்களுக்கு இதைச் சொல்லும் முறை இன்னும் அமையவில்லை. ஹோலோகாஸ்ட் என்ற பெயரே அப்போது புழக்கத்துக்கு வரவில்லை. போடருக்கும் முகாம்களின் பெயர் சரியாகத் தெரியாது. புரியாமல் கேட்கிறார், அவர்கள் திரும்பச் சொல்கிறார்கள். விடுதலை ஆகி ஒரு வருடம்தான். குரலில் இருபது வயது.

உங்கள் வகுப்புக்குப் பொருந்தக்கூடிய ஒன்றும் இருக்கிறது. பாரிஸுக்கு வெளியே ஹெனோன்வில் என்ற இடத்தில் தங்கியிருந்தவர்களைப் பாட வைத்துப் பதிவு செய்தார் போடர். அந்தச் சுருள் பல பத்தாண்டுகள் காணாமல் போயிருந்து, கடைசியில் அமெரிக்காவின் அக்ரன் பல்கலைக்கழகத்தில் கிடைத்தது. அந்தப் பாட்டை முதலில் போடுங்கள். யார் பாடுகிறார்கள் என்று பிள்ளைகள் கேட்ட பிறகு சொல்லுங்கள்.

#15 மழைக்காலவாசகி

டீச்சர், ஒரே ஒரு ஆளோடு நில்லுங்கள். ஒரு வகுப்புக்கு ஒருவர் போதும். அவருடைய போருக்கு முந்தைய வாழ்க்கையில் பாதி நேரத்தைச் செலவிடுங்கள், தெரு, பள்ளிக்கூடம், சமையல், சண்டை எல்லாம். அப்போதுதான் இழந்தது என்ன என்று தெரியும். தென்கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஷோவா நிறுவனத்தில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடியோக்கள் உண்டு, அவற்றில் முந்தைய வாழ்க்கையைக் கேட்டுத்தான் தொடங்குவார்கள்.

அங்கே இன்னொரு முயற்சியும் நடந்தது. பிழைத்தவர்களில் ஒருவரான பிங்கஸ் குட்டரிடம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேள்விகள் கேட்டுப் பதிவு செய்து, நாம் கேள்வி கேட்டால் திரையில் இருந்து அவரே பதில் சொல்கிற மாதிரி அமைத்திருக்கிறார்கள். எல்லாப் பதிலும் அவர் உயிரோடு உட்கார்ந்து சொன்னதுதான், எதையும் எந்திரம் கட்டவில்லை. இதை நான் ஏற்கிறேன். ஆனால் இனி ஒரு எந்திரம் புதிதாக வாக்கியம் எழுதி, செத்துப்போனவரின் முகத்தில் இருந்து பேச வைக்கலாம் என்று யாராவது வந்தால், வேண்டாம். ஹிர்ஷ்மனின் பாதிச் சாட்சியத்தை நிரப்ப எந்த எந்திரத்துக்கும் உரிமை இல்லை.

#16 சாக்பீஸ்

மிக்க நன்றி. ஒரு கேள்வி. பிழைத்தவர்கள் மட்டும்தான் சாட்சியா? செத்தவர்கள் எதுவும் விட்டுப் போகவில்லையா? பிள்ளைகள் கண்டிப்பாகக் கேட்பார்கள்.

#17 ஏட்டுச்சுவடி

விட்டுப் போனார்கள் டீச்சர். யூதர்களை அடைத்து வைத்திருந்த வார்சா கெட்டோவுக்குள் இமானுவேல் ரிங்கல்புளூம் என்ற வரலாற்றாசிரியர் ஒரு ரகசியக் குழு வைத்திருந்தார். சனிக்கிழமைகளில் கூடியதால் 'ஓய்வுநாள் மகிழ்ச்சி' என்று பொருள்படும் பெயர், ஓய்னெக் ஷாபெஸ். ஏறக்குறைய அறுபது பேர். ரேஷன் அட்டை, மிட்டாய்க் காகிதம், பள்ளிக்கூடக் கட்டுரை, சுவரொட்டி, தப்பி வந்தவர்களின் வாக்குமூலம் என்று கிடைத்ததையெல்லாம் சேர்த்தார்கள். கெல்ம்னோ முகாமில் இருந்து தப்பி வந்த ஒருவர் சொன்னதை 1942 தொடக்கத்திலேயே எழுதி வெளியே அனுப்பியவர்கள் இவர்கள்தான்.

1942 ஆகஸ்டில், தினமும் ஆயிரக்கணக்கானோரை ட்ரெப்ளிங்கா கொலைமுகாமுக்கு ஏற்றிக்கொண்டிருந்தபோது, முதல் பகுதியைத் தகரப் பெட்டிகளில் போட்டு நோவோலிப்கி தெருவில் ஒரு பள்ளிக்கூடத்தின் அடியில் புதைத்தார்கள். புதைத்தவர்களில் ஒருவன் தாவித் கிராபர், வயது 19. உலகத்தைப் பார்த்துக் கதறிச் சொல்ல முடியாமல் போனதை மண்ணுக்குள் புதைத்தோம் என்று தன் கடைசிக் குறிப்பில் எழுதி, அதையும் பெட்டியில் வைத்தான். அவன் பிழைக்கவில்லை. ரிங்கல்புளூமும் மனைவியும் மகனும் ஒளிந்திருந்த இடம் 1944 மார்ச்சில் பிடிபட்டது, மூவரையும் கொன்றார்கள்.

அறுபது பேரில் மிஞ்சியவர்கள் மூன்று பேர். அவர்களில் ரேச்சல் ஆவர்பாக் ஒருவர். இன்னொருவரான ஹெர்ஷ் வாசர் இல்லாவிட்டால் எந்த இடிபாட்டின் அடியில் என்று யாருக்கும் தெரிந்திருக்காது. 1946 செப்டம்பரில் பெட்டிகள் கிடைத்தன. தண்ணீர் புகுந்திருந்தது. 1950 டிசம்பரில் இரண்டு பால் கேன்கள் கிடைத்தன. மூன்றாம் பகுதி இன்று வரை கிடைக்கவில்லை. ஆவர்பாக் பின்னாளில் இஸ்ரேலின் யாத் வாஷெம் நினைவு நிறுவனத்தில் சாட்சியங்கள் சேகரிக்கும் பிரிவை அமைத்தார். யூதர்களை முகாம்களுக்கு ஏற்றி அனுப்பும் வேலையை நடத்திய ஐக்மன் மீது 1961-இல் நடந்த வழக்கில் நூற்றுக்கும் மேற்பட்ட சாட்சிகள், பெரும்பாலும் பிழைத்தவர்கள், வரிசையாக வந்து பேசினார்களே, அவர்களைத் தேர்ந்தெடுப்பதில் அந்த அம்மாவின் பங்கு பெரிது.

#18 மழைக்காலவாசகி

ஏட்டுச்சுவடி, இரண்டாவது பதிவில் கேட்டேன், யாரும் சொல்லவில்லை. ஹிர்ஷ்மன் இறந்த பிறகு என்ன ஆயிற்று?

#19 ஏட்டுச்சுவடி

மன்னிக்க வேண்டும், விட்டுப்போயிற்று. அவர் மனைவி போலா அதே ஆணையத்துக்கு வந்து உட்கார்ந்தார். போருக்குப் பிறகு கட்டிக்கொண்டவர், பெவ்ஜெட்ஸைப் பார்த்ததில்லை. வீட்டில் கணவர் சொன்னதெல்லாம் அவருக்கு நினைவிருந்தது. அதைச் சொன்னார், எழுதிக்கொண்டார்கள். ஹிர்ஷ்மனின் வாக்குமூலத்துக்குப் பின்னால் அது இருக்கிறது.

#20 ரைன்கரை

நான் பெவ்ஜெட்ஸுக்குப் போயிருக்கிறேன். 2004-இல் திறந்த நினைவிடம். முகாம் இருந்த மேடு முழுவதும் கறுத்த கசடு கொட்டி மூடியிருக்கிறது. தொண்ணூறுகளின் கடைசியில் மண்ணைத் துளைத்துப் பார்த்து 33 புதைகுழிகளை அடையாளம் கண்டார்கள், அவற்றின் மேல் இனி யாரும் கால் வைக்கக் கூடாது என்று அப்படிச் செய்திருக்கிறார்கள். நடுவில் மேட்டை வெட்டியது போல ஒரு ஒடுங்கிய வழி. நடக்க நடக்க இரண்டு பக்கச் சுவரும் உயர்ந்துகொண்டே போகும். சுற்றி வர ஊர்ப் பெயர்கள், எந்த மாதம் எந்த ஊரில் இருந்து கொண்டுவந்தார்கள் என்று அந்த ஒழுங்கில்.

வழி முடிகிற இடத்தில் கல்லில் ஆட்களின் பெயர்கள் கிடக்கின்றன. முழுப் பெயர் இல்லை, வீட்டில் கூப்பிடுகிற முதற்பெயர் மட்டும். யார் யார் வந்தார்கள் என்று பட்டியல் எதுவும் இல்லாதபடியால் அந்தப் பகுதி யூதர்கள் வைத்துக்கொண்ட பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். ஒரு பெயருக்குப் பின்னால் எத்தனை ஆயிரம் பேரோ. நான் மெல்லச் சத்தம் போட்டு வாசித்துக்கொண்டு வந்தேன். ஹாயிம் என்ற இடத்தில் நின்றேன்.